பாலைவனத்தில் படம் எடுக்கப் போகிறீர்களா? திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கலிஃபோர்னியாவின் டெத் வேலிப் பூங்காவில் வெப்பம் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மருத்துவ ஹெலிகாப்டர்கள் பொதுவாகப் பறக்க மாட்டா. சூடேறிய காற்று லேசாகிவிடும். ஹெலிகாப்டரைத் தூக்கி நிறுத்தும் வலு அதற்கு இருக்காது. 2024 ஜூலையில் பேட்வாட்டர் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு குழு கடும் வெயிலில் அகப்பட்டுக்கொண்டபோது அதுதான் நடந்தது. அன்று சுமார் 53 டிகிரி. ஒருவர் இறந்துபோனார்.

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனப் பூங்காக்களுக்குப் புகைப்படம் எடுக்கும் குழுக்களை அழைத்துப்போவது என் தொழில். லாஸ் வேகஸில் வண்டி எடுத்தால் டெத் வேலி, ஸயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று ஒரு சுற்று வரலாம். வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நாங்கள்தான் உச்சி வெயிலில் வெளியே வரப்போவதில்லையே, விடியலிலும் அந்தியிலும்தானே வேலை" என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து. படக்காரர்களுக்கென்று சில பழக்கங்கள் உண்டு: இருட்டில் கிளம்புவது, இன்னும் ஒரே ஒரு படம் என்று நிற்பது, மேகம் திரண்டால் அதை நோக்கிப் போவது, நல்ல கோணத்துக்காக ஓர் அடி தள்ளி நிற்பது. வேறு இடத்தில் இவையெல்லாம் திறமை. பாலைவனத்தில் இவைதான் மாட்டிவிடும்.

டெத் வேலியின் மெஸ்கீட் ஃப்ளாட் மணல்மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். காலடித் தடமே இல்லாத மணல் வேண்டும் என்பதால் மற்றவர்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி நடப்போம். இருட்டில், குளிர்ச்சியில், ஆர்வத்தில் போகும்போது தூரம் தெரியாது. திரும்பும்போது சூரியன் ஏறியிருக்கும், ஒதுங்க ஒரு மர நிழல் இருக்காது, காற்று அடித்திருந்தால் நாம் வந்த தடமும் இருக்காது. கோடையில் தாழ்வான பகுதிகளில் காலை 10 மணிக்கு மேல் நடக்காதீர்கள் என்று பூங்காவே சொல்கிறது. ஆகவே கிளம்பும் நேரத்தை அல்ல, வண்டிக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரத்தைத்தான் நான் முதலில் குறிப்பேன். வெளிச்சமும் இதற்கு ஒத்துழைக்கும். ஸப்ரிஸ்கி பாயிண்டில் முதல் ஒளி எதிரே தூரத்தில் பனமின்ட் மலையுச்சியில் விழும். மெல்ல இறங்கி, பிறகுதான் பக்கத்திலுள்ள மஞ்சள் மண்குன்றுகளைத் தொடும். பள்ளங்களுக்குள்ளும் வெயில் நுழைந்துவிட்டதென்றால் மடிப்புகளின் நிழல் போய்விடும், படம் தட்டையாகிவிடும். அதற்கு மேல் நிற்பதில் லாபம் இல்லை, மூட்டை கட்டிவிடலாம்.

நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் இன்னும் ஏமாற்றும். அது ஜிப்சம் மணல். கொளுத்தும் வெயிலிலும் காலைச் சுடாது. "அவ்வளவு சூடு இல்லையே" என்று தோன்றும். 2015 ஆகஸ்டில் அங்கே ஆல்கலை ஃப்ளாட் பாதையில் நடந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி இறந்துபோனார்கள். கூட வந்த ஒன்பது வயது மகன் மட்டும் பிழைத்தான். எட்டு கிலோமீட்டர் பாதை, கையில் இரண்டு சிறிய தண்ணீர் பாட்டில்கள், அவ்வளவுதான். (வெண்மணலில் கேமராவின் ஒளிமானியும் ஏமாறும். ஒளியளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, சில நேரம் அதற்கும் மேலே கூட்டி வைக்காவிட்டால் மணல் சாம்பல் நிறத்தில்தான் வரும்.)

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. நடப்பதாக இருந்தால் கூட வேண்டும். வண்டியிலும் தனியாக இருப்பு வைத்திருங்கள். உலர்ந்த காற்றில் வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுவதால், வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். வெறும் தண்ணீரையே மடக்மடக்கென்று குடித்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்புள்ள தின்பண்டம் ஏதாவது இடையிடையே சாப்பிட வேண்டும். தலைவலி, குமட்டல் என்று எவரும் உடனே வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், குழுவைத் தாமதப்படுத்துகிறோமோ என்ற கூச்சம். நான் கைகளைத்தான் பார்ப்பேன். டிரைபாட் தலையின் திருகை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கிக்கொண்டு நிற்பவர், மெமரி கார்டை எங்கே வைத்தோம் என்று ஒரே பையை மூன்றாம் தடவை துழாவுபவர், சாதாரணக் கேள்விக்கு எரிந்து விழுபவர்: இவர்களை உடனே நிழலுக்கு அழைத்துப்போய், உடம்பை நனைத்து, உட்கார வைக்க வேண்டும். பேச்சு குழறினால் காத்திருக்கவே கூடாது, அமெரிக்காவின் அவசர உதவி எண் 911தான்.

ஆனால் அழைக்க சிக்னல் இருக்குமா? பெரும்பாலான இடங்களில் இருக்காது. ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி இருக்கிறது. அதற்கான தனிக் கருவிகளும் கிடைக்கின்றன. திறந்த வானம் இருந்தால்தான் இரண்டும் வேலை செய்யும், குறுகிய பாறைப் பிளவுக்குள் நம்ப முடியாது. வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடி வருபவர்கள் கண்ணில் மனிதனைவிடக் கார் சீக்கிரம் படும்.

வண்டி என்றதும் டெத் வேலியின் ரேஸ்ட்ராக் ப்ளேயா ஞாபகம் வருகிறது. காய்ந்த ஏரிப் படுகையில் கற்கள் தாமாக நகர்ந்து கோடு போட்டிருக்கும் இடம். இரவில் உறையும் மெல்லிய பனித்தகடு உடைந்து, காற்றில் மிதந்து, கற்களைத் தள்ளுகிறது என்பதை 2014-இல்தான் ஆய்வாளர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அங்கே போக 27 மைல் கூரான சரளைக்கல் பாதை, சாதாரண டயரைக் கிழித்துவிடும். வாடகை வண்டி ஒப்பந்தங்கள் பலவற்றில் மண்சாலையில் ஓட்டக் கூடாது என்று இருக்கும். அதைப் படிக்காமல் போனால் இழுவை வண்டிச் செலவு முழுக்க உங்கள் தலையில். படுகை ஈரமாக இருக்கும்போது இறங்கவும் கூடாது. அன்று பதிந்த காலடி பல வருடம் அப்படியே இருக்கும், அடுத்து வருபவர் படத்திலெல்லாம் உங்கள் செருப்பு.

கேபிடல் ரீஃபின் கதீட்ரல் வேலியில் வேறு தொல்லை. அந்தக் களிமண் நனைந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகூட வழுக்கும். மேகத்தைத் துரத்திக்கொண்டு உள்ளே போய் அகப்பட்டுக்கொள்பவர்களில் அதிகம் பேர் நம் ஆட்கள்தான்.

மேகம் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆன்டிலோப் கேன்யனின் குறுகிய பிளவுக்குள் ஒளிக்கற்றை தூண்போல் இறங்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். (நவஹோ மக்களின் நிலம் அது, வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது.) சூரியன் உயர நிற்கும் கோடை நண்பகலில்தான் அந்தக் கற்றை நன்றாக விழும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான திடீர் மழைக்காலமும் அதே சமயத்தில்தான். 1997 ஆகஸ்ட் 12 அன்று, பல மைல் தள்ளிப் பெய்த மழை வெள்ளமாகத் திரண்டு வந்து 11 பேரைக் கொண்டுபோனது. 2015 செப்டம்பரில் ஸயான் பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது; தண்ணீர் மேட்டிலிருந்து வருகிறது. ஸயானில் திடீர் வெள்ள முன்னறிவிப்பைத் தினமும் பார்வையாளர் மையத்தில் எழுதிப்போடுவார்கள். ஓடையில் தெளிந்த நீர் கலங்கினாலோ, சுள்ளிகள் மிதந்து வந்தாலோ, டிரைபாடைப் போட்டுவிட்டு மேடேறுங்கள்.

சின்னதாக ஒன்று: அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலத்தில் தள்ளுகிறார்கள். ஆன்டிலோப் கேன்யனுக்குப் பக்கத்திலுள்ள பேஜ் ஊரில் தங்கும்போது போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். அலாரம் ஒரு மணி நேரம் பிசகி விடியலைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம்.

அப்புறம் அந்த "ஓர் அடி தள்ளி." ஆர்ச்சஸிலும் கேன்யன்லேண்ட்ஸிலும் புதர்களுக்கு இடையே கறுத்து, புடைப்புப் புடைப்பாக ஒரு மண் தெரியும். குனிந்து பார்த்தால் சின்னச் சின்னக் கோபுரங்களாக நிற்கும். நுண்ணுயிரிகளும் பாசியும் லைக்கன்களும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள பொறுக்கு அது. ஒரு மிதியில் நொறுங்கும், மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அது போனால் மண் காற்றில் பறந்துவிடும், செடி வேர் பிடிக்க இடமிருக்காது. பாதை, பாறை, வறண்ட ஓடையின் மணல் ஆகிய மூன்றைத் தவிர வேறெங்கும் கால் வைக்காதீர்கள். டிரைபாடின் கால்களுக்கும் இதுவே.

டிரோன் பேச்சே வேண்டாம். 2014 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் தடை. ஆறு மாதம் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்க முடியும். இரவில் பாறைமேல் விளக்கடித்துப் படம் எடுப்பதையும் சில பூங்காக்கள் தடுத்திருக்கின்றன. 2000-இல் பெயர்பெற்ற ஒரு படக்காரர் தன் பயிலரங்கக் குழுவுக்காக டெலிகேட் ஆர்ச் அடியில் கட்டைகளைக் கொளுத்தி, பாறையில் கறை படிந்து, வழக்காகி, குற்றத்தை ஒப்புக்கொண்டார். தொழில்காரரே செய்த வேலை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

அனுமதி விதிகள் 2025-இல் தளர்ந்திருக்கின்றன. எட்டுப் பேர் வரை, கையில் தூக்கிச் செல்லும் கருவிகளோடு, பொதுமக்கள் போகும் இடத்தில் எடுத்தால் பெரும்பாலும் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு பயிலரங்கு நடத்துகிறவருக்குப் பூங்காவின் வணிக அனுமதி கட்டாயம் வேண்டும். பணம் கட்டும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே, குழுவில் ஒருவருக்கு வெயிலில் உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வார், சிக்னல் இல்லாத இடத்தில் யாரை எப்படி அழைப்பார், வெள்ள எச்சரிக்கை வந்த நாளுக்கு மாற்றுத் திட்டம் என்ன என்றும் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.