தலை அரிசிச் சிப்பமாகும் நொடி

காணும் பொங்கலுக்கு மறுநாள் கிளினிக்கைத் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக யார் உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும். 25, 30 வயசு இருக்கும். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பிப் பார்ப்பார். "தூங்கி எழுந்தேன் மேடம், கழுத்து பிடிச்சிக்கிச்சு, தலகாணி சரியில்லன்னு நினைக்கிறேன்" என்பார். முந்தின நாள் எங்கே போனீங்க என்று கேட்ட பிறகுதான் தீம் பார்க் கதை வெளியே வரும். பாவம் அந்தத் தலையணை.

நான் பிசியோதெரபிஸ்ட். அது பிழைப்பு. பித்து என்று பார்த்தால் ரோலர் கோஸ்டர், தண்டவாளத்தில் ஏறி இறங்கிச் சுற்றுகிற அந்தத் தீம் பார்க் ரயில். மகாராஷ்டிராவில் கோப்போலி பக்கம் இமாஜிகா பூங்காவில் இருக்கும் நைட்ரோ, அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் இருக்கும் ஃபார்முலா ரோசா என்று லீவையும் காசையும் சேர்த்துச் சேர்த்து இதற்காகவே ஊர் ஊராகப் போகிற ஆள். எங்கள் கூட்டத்தில் ஏறிய ஒவ்வொரு கோஸ்டரையும் ஒரு 'கிரெடிட்' என்று எண்ணுவோம். அமெரிக்காவில் 1978-லேயே இதற்கென்று சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள், அங்கே நூற்றுக்கணக்கில் கிரெடிட் வைத்திருப்பவர்கள் உண்டு. என் கணக்கு 23. இதை வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே என்பது வீட்டு உத்தரவு.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா பூங்கா திறந்தது. அதில் 'தஞ்சோரா' என்று ஒரு இன்வெர்ட்டட் கோஸ்டர், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் ரயில் தொங்கிக்கொண்டு, நம் காலும் தொங்கிக்கொண்டு போகிற வகை. சென்னைக்காரர்களுக்கு இனி இந்த அனுபவத்துக்கு ரயிலோ விமானமோ ஏற வேண்டியதில்லை. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கிளினிக் வாசலையும் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் இது.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கோஸ்டரின் விசை என்றாலே பயப்பட வேண்டாம். 1994-இல் 'ஸ்பைன்' இதழில் ஓர் ஆய்வு வந்தது, அன்றாட வாழ்க்கையில் தலைக்கு எவ்வளவு அதிர்ச்சி போகிறது என்று அளந்து பார்த்தார்கள். தும்மினால் 2.9 ஜி, இருமினால் 3.5 ஜி, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தால் 10.1 ஜி. (1 ஜி என்பது சும்மா நிற்கும்போது நாம் உணரும் எடை.) கோஸ்டர் ரசிகர்கள் இந்த எண்களை வேதம் மாதிரி ஒப்பிப்பார்கள், நானும் ஒப்பித்திருக்கிறேன். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தும்மல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், அந்த ஆய்வில் அளந்த அதிர்ச்சிகள் எல்லாமே அந்த மாதிரி. கோஸ்டரில் அந்த விசை ஒரு நொடி, இரண்டு நொடி என்று நின்று அழுத்தும், அப்புறம் திசை மாறி மறுபடி அழுத்தும். பெரியவர்களின் தலை சுமார் 5 கிலோ. ஃபார்முலா ரோசாவில் 4.8 ஜி வரை போகும், அந்த நேரத்தில் உங்கள் கழுத்தின் மேல் உட்கார்ந்திருப்பது 24 கிலோ. மளிகைக் கடையில் வாங்கும் ஓர் அரிசிச் சிப்பம். நேராக வைத்தால் கழுத்து அதைத் தாங்கும். சாய்த்துவைத்தால்?

இந்த 'நேராக' என்ற விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். கோஸ்டரை வடிவமைப்பவர் காகிதத்தில் ஓர் உடம்பை வரைந்து வைத்திருக்கிறார். முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், இடுப்பு ஆழமாக உட்கார்ந்திருக்கும். வளைவு, வேகம், பிரேக் எல்லாம் அந்த உடம்புக்குப் போட்ட கணக்கு. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்தை விட்டு வெளியே வந்தவர்கள்.

போன பொங்கலுக்கு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, நேற்று எப்படி இருந்தீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க என்றேன். தோள் மேல் இறங்கும் ஹார்னஸைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் வைத்தார், இடது பக்கம் தலையைத் திருப்பினார், தாடையை லேசாகத் தூக்கினார். பக்கத்து சீட்டில் மனைவி. முதல் இறக்கத்தில் அவர் எப்படிக் கத்துகிறார் என்று பார்க்க ஆசை. அந்த நேரம் பார்த்து ரயில் இறக்கத்தின் அடிவாரத்துக்கு வந்து மேலே வளைகிறது, திரும்பிய கழுத்தின் மேல் சிப்பம் இறங்குகிறது. இடது காதுக்குக் கீழே தோள்பட்டை வரை ஓடும் தசையைக் கட்டை விரலால் தொட்டேன், காயவைத்த தேங்காய்க் கயிறு மாதிரி இறுகியிருந்தது. அவருக்குப் பத்து நாளில் சரியாகிவிட்டது. வேறு சிலருக்கு ஏற்கெனவே டிஸ்க் பிதுங்கி இருந்திருக்கும், அது கைக்கு இறங்கும் மரமரப்பாக மாறி, பத்து நாள் பத்து வாரமாகும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உட்கார்ந்தவுடன் பின்புறத்தை சீட்டின் கடைசிவரை தள்ளுங்கள், முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே கை நுழையக் கூடாது. தலையைப் பின்னால் வைத்து அழுத்துங்கள். கண் மட்டும் எதிரே வரும் தண்டவாளத்தைப் பார்க்கட்டும். மனைவி கத்துவதைக் காதால் கேட்டால் போதும். கையைத் தூக்குவது உங்கள் இஷ்டம், நானே தூக்குவேன், ஆனால் புதிய கோஸ்டரில் முதல் தடவை தூக்க மாட்டேன், எந்த இடத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியாதே. செல்போனை எடுத்துக் குனிந்து பார்க்கிறவர்களுக்கு எழுத எனக்குப் பொறுமை இல்லை.

ஜப்பானில் ஃபுஜி-க்யூ ஹைலேண்டில் 'டோ-டோடோன்பா' என்று ஒன்று இருந்தது. நின்ற இடத்திலிருந்து 1.56 நொடியில் 180 கிலோமீட்டர் வேகம். கணக்குப் போட்டால் முதுகில் 3.3 ஜி அளவுக்கு ஒரு தள்ளு, அதுவும் சராசரி. 2020 டிசம்பருக்குப் பிறகு அதில் ஏறிய சிலர் கழுத்திலும் முதுகிலும் எலும்பு முறிந்ததாகச் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், 2024 மார்ச்சில் இனி ஓடாது என்றே அறிவித்துவிட்டார்கள். முன்னால் குனிந்து, முதுகுக்கும் சீட்டுக்கும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தால் அந்தத் தள்ளு என்ன செய்யும் என்ற பேச்சு அப்போது அடிபட்டது. என் பட்டியலில் வெகுநாள் இருந்த கோஸ்டர் அது. பெயரை அடித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது, தொழில்காரியாக நிம்மதியும்.

வடிவமைப்பாளர்களும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 1895-இல் நியூயார்க் கோனி ஐலண்டில் 'ஃப்ளிப் ஃப்ளாப்' என்ற கோஸ்டர் தலைகீழாகச் சுற்றியது. வளையம் சுத்தமான வட்டம், அதனால் உள்ளே நுழையும்போதே விசை சட்டென்று எகிறும், கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள் மக்கள். 1976-இல் கலிஃபோர்னியா மேஜிக் மவுண்டனில் 'ரெவல்யூஷன்' வந்தபோது வளையத்தைக் கண்ணீர்த்துளி வடிவத்துக்கு மாற்றியிருந்தார்கள், கீழே அகலம், மேலே குறுகல். இன்றைக்கு நீங்கள் தலைகீழாகச் சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்குவதற்கு அந்த வடிவம்தான் காரணம்.

பழைய வகை கோஸ்டர்களில் தோள் மேல் இறங்கும் கனமான ஹார்னஸ் இருக்கும். ரயில் குலுங்கும்போது காது இரண்டு பக்கமும் மாறி மாறி இடிக்கும், ரசிகர்கள் இதை அலுத்துக்கொள்ளாத நாள் இல்லை. பெண்களே, தோடு, ஜிமிக்கி, தொங்கட்டான் எதுவாக இருந்தாலும் வரிசையில் நிற்கும்போதே கழற்றி ஜிப் வைத்த பையில் போடுங்கள். காது மடல் கிழிந்த ஒரு பெண் கழுத்து வலிக்காக என்னிடம் வந்தார், தையல் போட்டிருந்த காதைத்தான் நான் முதலில் பார்த்தேன். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு பின் குத்துங்கள், துப்பட்டா லாக்கரிலேயே இருக்கட்டும், பின்னலைச் சுருட்டிக் கொண்டை போடுங்கள். கால் தொங்கும் கோஸ்டருக்குச் செருப்போடு போனால் ஒற்றைச் செருப்போடு திரும்புவீர்கள், கீழே யார் தலையில் விழுந்தது என்பது அடுத்த கேள்வி.

உயரக் கோல் பக்கம் நடக்கும் கூத்து தனி. பையன் கொஞ்சம் குள்ளம், ஊழியர் தலையாட்டுகிறார், அப்பா காதோரம் குனிந்து "எக்கி நில்லுடா" என்கிறார். ஷூவுக்குள் துணியை மடித்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோல் உங்கள் பிள்ளையின் தைரியத்தை அளக்கவில்லை சார், இடுப்பும் தொடையும் பட்டைக்கு எட்டுமா என்று அளக்கிறது. மடி மேல் இறங்கும் லேப் பார் வயிற்றைப் பிடிப்பதில்லை, தொடையையும் இடுப்பெலும்பையும்தான் பிடிக்கும். 2011 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் டேரியன் லேக் பூங்காவில், போரில் இரண்டு காலையும் இழந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் 'ரைட் ஆஃப் ஸ்டீல்' கோஸ்டரிலிருந்து விழுந்து இறந்துபோனார். இரண்டு காலும் இருக்க வேண்டும் என்று அந்தச் சவாரிக்கு விதி இருந்தது, ஊழியர்கள் ஏற்றிவிட்டார்கள். வயிறு பெரிதாக இருப்பவர்களுக்கும் இதே கதைதான்: பட்டை தொப்பையில் முட்டி நின்றால் தொடைக்கு மேல் இடம் காலியாக இருக்கும். சில பார்க்குகளில் வாசலிலேயே சோதனை சீட் வைத்திருப்பார்கள். வெட்கப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். ஊழியர் இறங்கச் சொன்னால் சண்டை போடாமல் இறங்குங்கள்.

கண் இருட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். விசை கீழ்நோக்கி நீண்ட நேரம் அழுத்தினால் ரத்தம் காலுக்கு இறங்கும், முதலில் நிறம் போகும், பிறகு பார்வையின் ஓரம் கறுக்கும். வர்ஜீனியாவில் கிங்ஸ் டொமினியன் பூங்காவில் 2010-இல் 'இன்டிமிடேட்டர் 305' திறந்தபோது முதல் வளைவிலேயே நிறையப் பேருக்கு இப்படி ஆனது. இறக்கத்தில் பிரேக் வைத்துப் பார்த்தார்கள், கடைசியில் அந்த வளைவையே மாற்றிக் கட்டினார்கள். நம் ஊரில் இதைப் பெரிதாக்குவது வெயிலும் தண்ணீர் குடிக்காமையும். மே மாதம், மதியம் 1 மணி, வரிசையில் 40 நிமிஷம், கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு சுற்றும் பெண்களை எனக்கு நன்றாகவே தெரியும், நானும் அப்படி இருந்தவள்தான். தண்ணீர் குடியுங்கள். பெரிய வளைவு வரும்போது கெண்டைக்கால், தொடை, வயிறு மூன்றையும் இறுக்குங்கள், மூச்சை அடைக்க வேண்டாம்.

இதயம் பற்றி என்னைவிட இதய மருத்துவர் சொல்வதுதான் சரி. ஆனால் ஒரு எண் மட்டும்: ஜெர்மனியில் 'எக்ஸ்பெடிஷன் ஜீஃபோர்ஸ்' கோஸ்டரில் 55 ஆரோக்கியமான ஆட்களை ஏற்றிப் பார்த்தார்கள், சராசரி இதயத் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 90-லிருந்து 150-க்கு மேல் போனது. ஆரோக்கியமானவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. ஸ்டென்ட் வைத்ததை மருமகனிடம் மறைத்துவிட்டு ஏறும் மாமாவுக்கு அப்படியில்லை. நுழைவாயில் பலகையில் இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம், கழுத்து முதுகுப் பிரச்சினை, சமீபத்திய அறுவை சிகிச்சை என்று எழுதியிருப்பதை நாம் சிகரெட் பெட்டி எச்சரிக்கை மாதிரி பார்த்துவிட்டுப் போகிறோம். எலும்புத் தேய்மானம் என்று மருந்து சாப்பிடும் அம்மாவை, "ஒரு தடவை ஏறிப் பாரும்மா" என்று இழுக்காதீர்கள். அவர் கீழே நின்று பை பார்த்துக்கொள்வார், கையாட்டுவார். அதுவும் ஒரு சுகம்தான் அவருக்கு.

வாந்தி வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், அதுதான் தப்பு. உள்காது ஆடுகிறோம் என்கிறது, கண் இருட்டு என்கிறது, மூளை குழம்புகிறது. கண்ணைத் திறந்து தண்டவாளத்தைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வெறும் வயிறும் வேண்டாம், பார்க் பிரியாணிக்குப் பிறகு உடனே ஏறவும் வேண்டாம். அவோமின் போன்ற வாந்தி மாத்திரை போடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், திரும்பும்போது வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும், தூக்கம் வரும். படுத்துத் திரும்பினால் உலகமே சுற்றும் தலைசுற்றலுக்கு என்னைப்போன்றவர்களிடம் சமீபத்தில் சிகிச்சை எடுத்தவர்கள் கொஞ்ச நாள் பொறுங்கள். காதுக்குள் இடம் மாறிய துகள்களைப் பாடுபட்டுப் பழைய இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

கடைசி வரிசைதான் நல்ல வரிசை என்று எங்கள் கூட்டம் அடித்துச் சொல்லும், இறக்கத்தில் சீட்டை விட்டு எழும்பும் அந்த ஏர்டைம் அங்கேதான் அதிகம். அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள் டிஸ்னியின் 'பிக் தண்டர் மவுண்டன்' கோஸ்டரில் சிறுநீரகத்தின் மாதிரி ஒன்றைக் கற்களோடு பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறி இறங்கியிருக்கிறார்கள். பின்வரிசையில் சுமார் 64 சதவீதம் கல் நகர்ந்தது, முன்வரிசையில் 17. இதற்கு 2018-இல், சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. உங்கள் கல்லுக்கு இதை வைத்தியமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் சொல்ல வந்தது, பின்வரிசையில் உலுக்கல் அதிகம். கழுத்து சுமாராக இருந்தால் நடு வரிசை.

நடுவழியில் ரயில் நின்றுவிட்டால் கத்தாமல் உட்கார்ந்திருங்கள். தண்டவாளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் என்று கணினி காவல் காக்கும். முன்னால் இருப்பது நகராவிட்டால் பின்னால் வருவதை நிறுத்திவிடும். பல நேரம் அந்த நிற்றல் பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸில் 2015 ஜூன் 2 அன்று 'ஸ்மைலர்' கோஸ்டரில் கணினி சரியாகத்தான் நிறுத்தியது. தண்டவாளத்தில் காலி ரயில் ஒன்று நிற்பது தெரியாமல் ஊழியர்கள் அந்தத் தடையை மீறி அனுப்பிவிட்டார்கள். 16 பேருக்குக் காயம், இரண்டு இளம்பெண்களுக்குக் காலை எடுக்க வேண்டிவந்தது, நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். ஆகவே ஏன் நிற்கிறது, சீக்கிரம் அனுப்பு என்று ஊழியரை விரட்டுகிற கூட்டத்தில் நீங்கள் சேராதீர்கள்.

இறங்கிய பிறகு கழுத்து வலித்தால் முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், மெதுவான அசைவு, காலர் மாட்டிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டாம். சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுக்கவே கூடாது. ஆனால் தலைவலி நாளுக்கு நாள் கூடுகிறது, வாந்தி வருகிறது, கண் இரண்டாகத் தெரிகிறது, வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, கையோ காலோ பலம் குறைகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் என் கிளினிக் கதவைத் தட்டாதீர்கள். கோஸ்டருக்குப் பிறகு மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்ததும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அபூர்வம்தான், ஆனால் அடையாளம் சில நாள், சில வாரம் கழித்துக்கூட வரலாம். நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். என்னைக்கு கோஸ்டர் ஏறினீங்க என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், தலையணைக் கதை வேண்டாம்.