சிலிக்கானா, சிலிக்கோனா?

கண்ணாடி ஒட்டும் பசைக் குழாயில் இருப்பது சிலிக்கோன். பேச்சில் அது ‘சிலிக்கான்’ ஆகிவிடுகிறது. ஓர் எழுத்துதானே என்று விடமுடியாது. சிலிக்கான் ஒரு தனிமம், மின்னணுச் சில்லுகள் செய்யும் கெட்டியான பொருள். சிலிக்கோனோ அந்தத் தனிமமும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி. பக்கவாட்டில் கரிமக் குழுக்கள் (கார்பன் கொண்ட அணுக்கூட்டங்கள்) இருப்பதால் ரப்பர்போல வளையும், இழுபடும்.

இரண்டுக்கும் வேர் ஒன்று. லத்தீனில் ‘சிலெக்ஸ்’ என்றால் சிக்கிமுக்கிக் கல். 1808இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இத்தனிமத்தை உலோகம் என்று எண்ணி ‘சிலிசியம்’ என்றார். அது கார்பன், போரான் வகையைச் சேர்ந்தது என்று 1817இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் தாம்சன் ஈற்றை மாற்றினார்; ‘சிலிக்கான்’ பிறந்தது. ‘சிலிக்கோன்’ 1901இல் ஆங்கில வேதியியலாளர் பிரெடெரிக் கிப்பிங் வைத்த பெயர். அவர் ஆராய்ந்த சேர்மத்தின் வாய்பாடு கீட்டோன் என்ற கரிமச் சேர்ம வகையில் ஒன்றின் வாய்பாட்டை ஒத்திருந்ததால், கீட்டோனின் ‘ஓன்’ இதிலும் ஒட்டிக்கொண்டது. உண்மையில் சிலிக்கோன் கீட்டோன் அல்ல. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தமிழில் தனிமத்தை ‘மண்ணியம்’ என்று எழுதுவோர் உண்டு. சிலிக்கோனுக்கு அப்படி நிலைத்த சொல் இல்லை. அப்படியே எழுதுவதே தெளிவு. தமிழ் தேவைப்படுவது குழாயில் அதற்கு அடுத்துவரும் சொல்லுக்கு. சீலண்ட், அட்ஹெசிவ் இரண்டையும் ‘பசை’ என்றே சொல்கிறோம். பிசின் என்பது மரத்தின் கசிவு இறுகியது. இரண்டு குழம்புகளைக் கலந்தால் கெட்டியாக இறுகும் எப்பாக்சி ரெசினுக்கு அது பொருந்தும். மற்ற இரண்டையும் வினையை வைத்துப் பிரிக்கலாம்: மெல்லிய படலமாக நின்று இறுகப் பிடிப்பது ஒட்டுபசை (அட்ஹெசிவ்), இடைவெளியை நிரப்பி, அசைவுக்கு வளைந்துகொடுப்பது அடைபசை (சீலண்ட்). கண்ணாடி வேலையில் பாதித் தவறு இந்த இரண்டைக் குழப்புவதால் வருகிறது.

ஒரு மீட்டர் நீளக் கண்ணாடியை அலுமினியச் சட்டத்தில் பொருத்துவதாகக் கொள்வோம். வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் ஏறினால் அலுமினியம் கண்ணாடியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். எப்பாக்சி இறுகியபின் வளையாது. ஒன்று ஒட்டு விடும், அல்லது கண்ணாடி விரிசல் விடும். இங்கே வேண்டியது அடைபசை, அதாவது சிலிக்கோன். உடைந்த கண்ணாடிப் பொம்மையின் கையை ஒட்ட அதே சிலிக்கோன் உதவாது: கோடு தடித்துத் தெரியும், பிடிப்பும் தொளதொளவென்று இருக்கும். அதற்குப் புறஊதா ஒளியில் இறுகும் ஒட்டுபசை நல்லது. ஒளி கண்ணாடியை ஊடுருவ வேண்டும் என்பதால், நிறம் ஏற்றிய கண்ணாடியிலும் நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடியிலும் இது சரியாக இறுகாது. எப்பாக்சியும் பிடிக்கும், வெயிலில் மஞ்சளாகும். சயனோஅக்ரிலேட் என்னும் ‘சூப்பர் குளூ’ சில நொடியில் பிடித்து நம்பிக்கை ஊட்டும். ஆனால் இறுகியபின் நொறுங்கும் தன்மையது. ஈரமும் அதிர்ச்சியும் பட்டால் கண்ணாடியிலிருந்து கழன்றுவிடும்.

சிலிக்கோன் கண்ணாடியை விடாமல் பிடிப்பதற்குக் காரணம் உறவுதான். கண்ணாடியும் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகளால் ஆனது; இனம் இனத்தோடு சேர்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு குறுக்கே நின்றால் சேராது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, அது தானாகக் காயுமுன் வேறொரு சுத்தமான துணியால் உலர்த்த வேண்டும். ஒரே துணியால் இரண்டையும் செய்தால் அழுக்கு இடம்மாறும், அவ்வளவுதான்.

குழாயில் பார்க்க வேண்டிய சொற்கள் இரண்டு: ‘அசிட்டாக்சி’, ‘நியூட்ரல்’. முன்னது இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும்; வினிகர் வாடையே அடையாளம். கண்ணாடியோடு கண்ணாடி சேர்க்க அது போதும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புற வெள்ளிப் பூச்சை அது அரிக்கும், செம்பு பித்தளையைப் பச்சை பிடிக்க வைக்கும், பளிங்குக் கல்லில் சரியாகப் பிடிக்காது. அங்கெல்லாம் அமிலம் விடாத நியூட்ரல் வகையே. மீன்தொட்டிக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேராததாகப் பார்த்து வாங்க வேண்டும். அம்மருந்து மீனைக் கொல்லக்கூடும்.

சிலிக்கோன் காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும், நாளொன்றுக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். மேல்தோல் பத்து இருபது நிமிடத்தில் பிடித்துவிடுவதால் வேலை முடிந்ததாகத் தோன்றும். மீன்தொட்டியில் ஒரு வாரம் கழித்தே தண்ணீர் விடலாம். வாடை முழுதும் அடங்கியிருக்க வேண்டும். ஒழுகினால் மேலே இன்னொரு பூச்சு பூசிப் பயனில்லை, இறுகிய பழைய சிலிக்கோனில் புதியது சரியாக ஒட்டாது. பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, துடைப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.