கரண்ட் வந்தது, சர்வர் எழுந்திருக்கவில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரி பாகம் செய்கிற ஒரு சின்ன கம்பெனி. அவர்களுடைய பில்லிங் சர்வர் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 7-ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது, 2016-இல் நான்தான் டெபியன் 8-க்கு மாற்றிக் கொடுத்தேன். ரீபூட் செய்து பார்த்தேன், நன்றாக எழுந்தது, கிளம்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மதியம் போன். "தம்பி, கரண்ட் வந்து அரை மணி நேரமாச்சு, எந்த சிஸ்டத்துலயும் பில் போட முடியல, லாரி வாசல்ல நிக்குது."

தாம்பரத்திலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்து ஒரு மானிட்டரை மாட்டிப் பார்த்தால், எமர்ஜென்சி மோட் என்று சொல்லி ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு பாதியில் நிற்கிறது. பேக்கப் எடுக்கும் யுஎஸ்பி டிஸ்க்கை யாரோ அந்த வாரம் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள், எழும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்ஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்குக்கான வரி மட்டும் அப்படியே இருக்கிறது. மெஷின் எழும்போது மற்ற எல்லாவற்றையும் கிளப்பிவிடும் புரோகிராமுக்கு இனிட் என்று பெயர். பழைய இனிட் இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு மேலே போய்விடும். டெபியன் 8-இல் அதற்குப் பதிலாக வந்த சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்து, வராததால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்கூட எழவில்லை, அதனால் வீட்டிலிருந்து உள்ளே நுழையவும் வழியில்லை. அந்த வரியில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காதே) என்று ஒரு வார்த்தை சேர்த்தவுடன் சரியானது. இந்த மாற்றம் டெபியன் 8-இன் வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நான் அதைப் படிக்காமல் அப்கிரேட் செய்தேன், தப்பு என்னுடையது.

இனிட் என்பது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுந்தவுடன் முதலில் ஓடவிடும் புரோகிராம், ஓடும் புரோகிராம்களுக்குத் தரும் எண்களில் 1 அதற்குத்தான். மற்ற எல்லாம் அதற்குக் கீழே பிறப்பவை. ரொம்பக் காலம் அந்த வேலையைச் செய்தது சிஸ்வி இனிட்: பின்னணியில் ஓடும் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதி வைத்த ஃபைல்), வரிசையாக ஒன்று முடிந்து அடுத்தது. 2010-இல் லெனார்ட் போட்டரிங் என்ற புரோகிராமர் சிஸ்டம்டியை அறிவித்தார். 2011-இல் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் 15-ஆம் பதிப்பு அதைத் தன் இயல்பான இனிட்டாக ஏற்றது. உபுண்டு என்ற லினக்ஸிடம் 2006-இலிருந்தே சொந்தமாக அப்ஸ்டார்ட் என்ற இனிட் இருந்தது. டெபியன் எதை எடுப்பது என்பதில்தான் பெரிய சண்டை.

டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் எட்டுப் பேர். 2014 பிப்ரவரியில் வாக்கு நாலுக்கு நாலாகப் பிரிந்து, தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வந்தது. சில நாளிலேயே உபுண்டுவும் அப்ஸ்டார்ட்டை விட்டுவிடுவதாக அறிவித்தது. டெபியனில் சண்டை ஓயவில்லை. எந்தப் பேக்கேஜும் (டெபியன் தரும் மென்பொருள்) ஒரே இனிட்டை நம்பி நிற்கக்கூடாது என்று டெபியனின் இயன் ஜாக்சன் கொண்டுவந்த தீர்மானம் அதே வருஷம் நவம்பரில் எடுபடவில்லை. வருஷக்கணக்காக உழைத்த சிலர் பொறுப்பிலிருந்து விலகினார்கள், வேறு சிலர் பிரிந்து போய் டெவுவான் என்று தனியாகவே ஒரு லினக்ஸ் விநியோகம் தொடங்கினார்கள், அதன் முதல் நிலையான பதிப்பு 2017 மே மாதம் வந்தது. சம்பளமில்லாமல் செய்கிற வேலையில் இவ்வளவு மனக்கசப்பு வந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் சிஸ்டம்டி பக்கம்தான். பெருங்குடியில் ஒரு ஆபீஸில் ஜாவா அப்ளிகேஷன் ஒன்று ராத்திரி செத்துப்போகும், பழைய இனிட்டுக்கு அது செத்ததே தெரியாது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை உயிர் இருக்கிறதா என்று பார்க்க நானே தனியாக ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடுவது) எழுதி வைத்திருந்தேன். சிஸ்டம்டி ஒவ்வொரு சேவையையும் அதன் பிள்ளைகளையும் கெர்னலின் சிகுரூப் என்ற குழுவில் சேர்த்துக் கட்டி வைப்பதால் எது செத்தது என்று அதற்குத் தெரியும், அந்தச் சேவையை விவரிக்கும் யூனிட் ஃபைலில் ரீஸ்டார்ட் என்று ஒரு வரி போட்டால் தானே எழுப்பிவிடும். அறுபது வரி ஸ்கிரிப்ட் பத்து வரியானது.

ஆனால் எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. லினக்ஸ் கெர்னலில் மட்டும்தான் ஓடும் என்றார்கள், உண்மை, ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தின் கெர்னலில் டெபியனை ஓடவைக்க உழைத்தவர்களுக்கு அது பெரிய அடி. மெஷினில் நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவுகளை (இதற்கு ஜர்னல் என்று பெயர்) சாதாரண உரையாக இல்லாமல் பைனரியாக எழுதுகிறது என்றார்கள், அதுவும் உண்மை. அதைவிட முக்கியம், பதிவுகள் இருக்கும் /var/log டைரக்டரியின் கீழே ஜர்னல் என்ற டைரக்டரி இல்லாவிட்டால் இயல்பான அமைப்பில் ஜர்னல் மெமரியில்தான் இருக்கும், ரீபூட் ஆனால் போச்சு. நள்ளிரவில் மெஷின் ஏன் விழுந்தது என்று காலையில் தேடும்போதுதான் இது தெரியவரும். பதிவுகளை உரையாக டிஸ்க்கில் எழுதும் ஆர்சிஸ்லாக் கூடவே ஓடினால் தப்பிக்கலாம். டெபியன் 11-இலிருந்து ஜர்னல் டிஸ்க்கிலேயே தங்குகிறது, 12-இல் ஆர்சிஸ்லாக் தானாக வராது. 2016-இல் வந்த சிஸ்டம்டி 230, லாகவுட் செய்தவுடன் அந்தப் பயனரின் புரோகிராம்களை எல்லாம் கொல்வதை இயல்பாக்கியது. ஸ்கிரீன் என்ற புரோகிராமில் நீண்ட வேலையை ஓடவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களின் கதி என்ன? டெபியன் அதை அணைத்தே வைத்தது, சத்தம் போட ஆட்கள் இருந்ததால்.

இன்னும் பழைய மெஷினில் ஓடும் கம்பெனிகள் சென்னையில் நிறைய. 2020 நவம்பரிலேயே ஆயுள் முடிந்த சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸை இன்னமும் பார்க்கிறேன். மாற்றும்போது, பழைய இனிட்டின் ஸ்கிரிப்ட்கள் இருக்கும் init.d டைரக்டரியில் யாரோ கையால் எழுதி வைத்த ஸ்கிரிப்ட்களை முதலில் படியுங்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அந்த ஸ்கிரிப்ட் எதற்கென்று அங்கே யாருக்கும் தெரியாது. அப்புறம் எஃப்ஸ்டேப். நெட்வொர்க் கார்டின் பெயர் பழைய eth0-விலிருந்து மாறலாம், அந்தப் பெயரை ஃபயர்வால் விதியில் எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று தேடுங்கள்.

கடைசியாக, எல்லாம் மாட்டியிருக்கும்போது ஒரு ரீபூட் போதாது. அன்று அம்பத்தூரில் லாரி பில் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, ஓனரிடம் சொல்லிவிட்டு, அந்த டிஸ்க் இல்லாமலேயே ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை, லேன் கேபிளைப் பிடுங்கி ஒரு தடவை என்று மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.