மேல்மாடியைப் பார்த்துச் சிரித்தால் கேண்டிட் ஆகாது

போன ஞாயிறு செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், பழைய பெரிய வீடுகளுக்கு முன்னால் ஒரு அறுபதாம் கல்யாணக் குடும்பத்தைப் படம் எடுக்கப் போனேன். "தம்பி, எங்களுக்குக் கேண்டிட் படம்தான் வேணும், போஸ் இல்லாம இயல்பா இருக்கணும்" என்று போனில் மூன்று தடவை சொன்னார்கள். காலை 6.45-க்கு வரச் சொன்னேன். வந்து சேர்ந்தது 10.45. பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பட்டு. எண்பதைத் தாண்டிய ஆச்சி செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, கொதிக்கிற தார் ரோட்டில் கால் மாற்றி மாற்றி நிற்கிறார். மகன் சொல்கிறார்: "அம்மா, கேமராவைப் பார்க்காதீங்க. அந்த மேல்மாடியைப் பார்த்துச் சிரிங்க."

இந்த மாசத்தில் இது நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேமராவைப் பார்க்காவிட்டால் அது கேண்டிட் என்று யார் கிளப்பிவிட்டார்களோ. மேல்மாடியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் அதுவும் போஸ்தான், கண் மட்டும் இடம் மாறியிருக்கிறது. சொல்லிச் சிரிக்கிற சிரிப்பில் வாய் விரியும், கண்ணோரம் சுருங்காது. கைக்கு வேலை இல்லாமல் முந்தானையைப் பிடித்துத் திருகும். ஐந்து பேரும் ஐந்து திசையைப் பார்த்துச் சிரித்தால், படத்தில் ஒருவருக்கொருவர் கோபித்துக்கொண்டது போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு குழந்தை தானாகத் திரும்பி, நேராக என் லென்ஸைப் பார்த்து முறைத்தால் அது அசல் கேண்டிட். பார்வை எங்கே போகிறது என்பதில் ஒன்றும் இல்லை. சொல்லிச் செய்தார்களா, தானாக நடந்ததா, அவ்வளவுதான்.

தானாக நடக்க வேண்டுமென்றால் கைக்கு வேலை வேண்டும். என் கேமரா பையில் எப்போதும் கொஞ்சம் மல்லிகை மொட்டும் வாழைநாரும் இருக்கும். திண்ணையில் வைத்துவிட்டு, தள்ளி நின்றே முகத்தை எடுக்கிற 85 மி.மீ. லென்ஸோடு எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஆச்சி கட்ட ஆரம்பித்தால் பேத்தி யாரும் கூப்பிடாமலே வந்து உட்காருவாள். முதல் கால் மணி நேரம் நான் எடுப்பதெல்லாம் உங்களைக் கேமராவுக்குப் பழக்கத்தான். (தொழில் ரகசியம்: மெமரி கார்டு போடாமலே கிளிக் செய்த நாட்களும் உண்டு.)

வெளிச்சத்துக்கு வருவோம். காலை 8.30-க்குள், இல்லாவிட்டால் மாலை 4.30-க்கு மேல். உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். அப்புறம் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை எவ்வளவு தூக்கினாலும் முகம் சாம்பல் பூத்துத்தான் வரும். கிழக்குப் பார்த்த முகப்பென்றால் மதியத்துக்கு மேல் திண்ணை முழுக்க நல்ல நிழல். நம்மூர்ச் செம்மண் தரையில் வெயில் பட்டால் தாடைக்கு அடியில் சிவப்பு ஏறும். அப்போது நான் பளிச்சென்று வெள்ளை வேட்டி கட்டிய மாமா ஒருவரைத் தேடிப்பிடித்துக் குழந்தைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அடிக்க அதைவிட நல்ல ரிஃப்ளெக்டர் என் பையில் கிடையாது.

குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிவாருங்கள். என் முதுகுக்குப் பின்னால் நின்று "இங்க பாரு, சிரி, சிரி" என்று கத்தும் அத்தைமார்கள் தயவுசெய்து காரில் இருக்கவும். பூட்டிக் கிடக்கிற வீடாச்சே என்று அடுத்தவர் திண்ணையில் ஏறாதீர்கள், காவலுக்கு இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊருணிப் படியில் கடைசி இரண்டு படி பாசி. அங்கே குழந்தையை இறக்கி எடுக்கச் சொன்னால் நான் கேமராவை மூடிவிடுவேன், சொல்லிவிட்டேன். பெரியவர்களுக்கு மட்டும் ஒரு நாற்காலி, செருப்பு, தண்ணீர் கொண்டுவாருங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அன்றைக்கு ஆச்சியைத் திண்ணை நிழலில் உட்கார வைத்தேன். கால் ஆறியதும், வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்ற மகனை "இங்க வாடா" என்று இழுத்து, முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். அறுபது வயதுக்காரர் கண்ணை இறுக்க மூடி முகத்தை நீட்டிக்கொண்டு குனிந்து நின்றார். ஒரே கிளிக்.

ராத்திரி போன். "தம்பி, அந்தப் படத்துல நான் கண்ணை மூடியிருக்கேன். வேற இருக்கா?"