மாடித்தோட்டக் கிட் வாங்கப் போகுமுன்

வெயில் காலத்தில் மருந்தடிக்காத வெண்டையும் கத்தரியும் வீட்டிலேயே பறிக்கலாம் என்று அரசின் மானியக் கிட்டை நம்பிக் கிளம்புகிறவர்கள் நம் திருநெல்வேலிப் பக்கம் நிறையப் பேர். வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் நிறைய.

திட்டம் இவ்வளவுதான். மாடியில் காய்கறி வளர்க்க வேண்டிய பொருள்களை ஒரு கிட்டாகக் கட்டித் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருகிறது. 2021-22ல் நகரத்துக்காரர்களுக்கு ஒரு கிட் 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆறு பைகள், ஆறு தென்னை நார்க்கட்டிகள், ஆறு வகை விதை, உயிர் உரங்கள், வேர் அழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய், ஒரு கையேடு. அப்போது ஒருவருக்கு இரண்டு கிட் வரைதான். கிராமத்துக்குப் பையும் கட்டியும் கொடுக்கவில்லை. 12 வகை விதை மட்டும் 15 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இந்தத் தொகையும் பொருளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருஷம் பக்கத்து வீட்டில் கொடுத்த காசைக் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதல் அலைச்சல் அலுவலகத்திலேயே ஆரம்பம். பலர் நேராக வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் நிற்கிறார்கள். அது வேறு துறை. நீங்கள் போக வேண்டியது உங்கள் வட்டாரத்தின் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். மானூர், களக்காடு, வள்ளியூர் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் தனி. ஆலங்குளம், கடையம்காரர்கள் பழைய பழக்கத்தில் திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டாம்; 2019ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆதாரில் பழைய மாவட்டப் பெயர் இருந்தால், இப்போதைய முகவரிக்கு ரேஷன் கார்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஓர் அலுவலகத்தில் நான் பார்த்தது. மஞ்சப்பையில் ஆதார் நகலும் போட்டோவும் வைத்துக்கொண்டு ஓர் அம்மா நிற்கிறார். "சிட்டா கொண்டாந்தியளா?" என்று கேட்கிறார் உள்ளே இருந்தவர். சிட்டா என்பது நிலத்துக்கான வருவாய்த் துறைப் பதிவு. மொட்டை மாடிக்கு ஏது சிட்டா! அந்த அம்மா பேசாமல் திரும்பிவிட்டார். இந்தத் திட்டத்துக்குச் சிட்டாவும் வேண்டாம், அடங்கலும் வேண்டாம். கேட்டால், "மாடித்தோட்டக் கிட்டுக்குத்தான் வந்திருக்கேன், நில மானியத்துக்கு இல்ல சார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

துறையின் இணையதளத்தில் பதிவு திறந்திருந்தால் அதில் போட்டுவிட்டு, பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். எண் இல்லாமல் போனால் "அடுத்த வாரம் வாங்க"தான்.

எனக்கு ஆற்றாமை எல்லாம் காலத்தைப் பற்றித்தான். கோடைக் காய்க்கு தை, மாசியில் விதை மண்ணில் இருக்க வேண்டும். அரசின் கணக்கோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நிதி வந்து சரக்கு இறங்கும்போது சித்திரை வெயில் போயிருக்கும். நமக்கு விதை தேவைப்படும் தை மாதத்தில் "ஸ்டாக் முடிஞ்சிட்டு" என்பார்கள். அதனால் சரக்கு வந்த உடனே வாங்கி வையுங்கள். பையும் கட்டியும் கெடாது. விதை கெடும், உயிர் உரம் அதைவிடச் சீக்கிரம் கெடும்.

அதனால் கவுன்ட்டரிலேயே பிரித்துப் பாருங்கள். விதைப் பாக்கெட்டில் காலாவதி நாள், உயிர் உரப் பொட்டலத்தில் தயாரித்த நாள், வேப்ப எண்ணெய் பாட்டில் இருக்கிறதா, ஒழுகுகிறதா என்று பாருங்கள். பின்னால் ஆள் நின்றால் நிற்கட்டும். வீட்டுக்கு வந்து குறை கண்டால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ரசீது வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: மேலே சொன்ன பட்டியலில் தொழுவுரம் கிடையாது. நார்க்கட்டியை ஊறவைத்து விதைத்தால் முளைக்கும், அப்புறம் வெளுத்துப் போகும். செம்மண்ணும் மக்கிய சாணமும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நிழல்வலையும் கிடையாது. மதிய வெயிலுக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டினாலும் போதும், ஆனால் ராதாபுரம், வள்ளியூர் பக்கம் அடிக்கிற காற்றுக்கு நாலு மூலையும் இறுக்கிக் கட்ட வேண்டும். கிட்டில் அவரை விதை வந்தால் கோடையில் போடாதீர்கள். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை தாங்கும்.

சரக்கு இருந்தும் இல்லை என்கிறார்கள் என்று தோன்றினால் முதல்வரின் உதவி எண் 1100க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்கள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனுவும் கொடுக்கலாம். அதுவும் நகரவில்லை என்றால் வெள்ளைத் தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.