தீ வைத்தால் உண்ணிச்செடி சாகாது

போன பங்குனியில் மணிமுத்தாறு பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் போன் செய்தார். "சார், உண்ணி முள்ளு பூராத்தையும் கொளுத்தியாச்சு. இனி தொல்லை இல்ல." உண்ணி முள்ளு என்று அவர் சொன்னது உண்ணிச்செடியை, அதாவது லாண்டானா என்கிற வெளிநாட்டுக் களையை. ஆறு வாரம் கழித்துப் போனேன். நடுவில் இரண்டு கோடைமழை பெய்திருந்தது. கரிந்த தூர் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஏழெட்டுத் துளிர். ஒரு தூரில் மண்ணை விலக்கி, பட்டையை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். மேலே கரி, இரண்டு விரற்கடை கீழே பசேலென்று ஈரம். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. அவர் வைத்த தீ வேலியைத் தாண்டிச் சரிவில் ஏறி, பொழுது சாயும்வரை எரிந்திருக்கிறது.

அந்த வருஷம் நான் பார்த்த நான்காவது தோட்டம் அது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரத்தில் களை எடுத்து நாட்டு மரம் வளர்ப்பதுதான் என் தொழில். நேரில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

உண்ணிச்செடிக்கு உயிர் தூரில் இருக்கிறது. தீ மேலாக ஓடும். ஒரு சாண் ஆழத்தில் மண் சுடக்கூடச் செய்யாது. சரி, தீயில் சாவது எது? வேங்கை, கடுக்காய், நெல்லி இவற்றின் சின்னக் கன்றுகள். உண்ணிக்கோ நிழல் போச்சு, போட்டி போச்சு, சாம்பல் உரமாச்சு. சின்னானும் மைனாவும் பழத்தைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. முன்பு பத்துத் தூர் இருந்த இடத்தில் இப்போது ஒரே புதர். அடுத்த கோடையில் அது காய்ந்து ஆள் உயரச் சுள்ளியாக நிற்கும். புல்லில் பிடித்த தீ முழங்கால் உயரத்தில் ஓடி அணைந்துவிடும். இந்தப் புதரில் பிடித்தால் ஏணி போட்ட மாதிரி மரக்கிளைக்கு ஏறுகிறது. 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது இது!

தீ என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. மலைச்சரிவில் வளரும் போதைப்புல்லுக்கு முளை மண்ணையொட்டி இருப்பதால் எரிந்தாலும் தழைக்கும். இலையுதிர் காடுகளும் எப்போதாவது வரும் சின்னத் தீயைத் தாங்கும். வருஷா வருஷம் வைத்தால் தாங்காது. காக்காச்சி, கோதையாறு பக்கத்து மழைக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லிசு, ஒரு தடவையே அதிகம்.

அப்புறம் அந்த மூங்கில் கதை. மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று இன்னமும் சொல்கிறார்கள். ஒரு மூங்கில்கூட இல்லாத புல்சரிவில் எது உரசியது? நம் காட்டில் தீ பெரும்பாலும் ஆள் வைத்தது: பீடி, அடுப்பு, மேய்ச்சலுக்கு வைத்த நெருப்பு. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம்.

சமவெளியிலும் இதே கதைதான், செடி மட்டும் வேறு. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். சீமைக்கருவேலம் அதை மூடிக்கொண்டே வருகிறது. ஆடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் புழுக்கையோடு விதைக்கிறது. வெட்டினாலும் எரித்தாலும் அடியிலிருந்து நாலாகக் கிளைக்கும். தேரிக்காட்டுச் செம்மணலில் குடை பிடித்தமாதிரி நிற்கிற உடைமரம் நம் நாட்டு மரம். இரண்டுக்கும் முள் இருக்கிறது என்று சேர்த்து வெட்டிவிடாதீர்கள்.

என்ன செய்யலாம்? மார்கழியில் மண் ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியை எடுங்கள். உண்ணிச்செடியைத் தரைக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே வேரோடு வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். காய் பழுத்த பிறகு தொட்டால் விதையை நீங்களே பரப்புவீர்கள். வெற்றிடமாக விடாமல் புல்லும் புங்கனும் போடுங்கள். மூன்று வருஷம் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு வருகிறவர்களே, பொங்கி முடித்ததும் அடுப்பில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள், தயவுசெய்து.

ஆள்கூலி கட்டாது என்பார்கள். உண்மைதான், தோண்டுவது செலவு. அதே அண்ணாச்சி இந்த மார்கழியில் அரை ஏக்கர் தோண்டியிருக்கிறார். இன்னும் இரண்டு ஏக்கர் கிடக்கிறது. மாசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.