மசில்லோடர்: தமிழில் ‘இடியன்’

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1933இல் தொடங்கிய தேசிய மசில் லோடிங் ரைஃபிள் சங்கத்தின் சுடுமைதானம் அங்கேதான். பழங்காலத் துப்பாக்கியில் கருமருந்து என்னும் வெடிப்பொடி போட்டுச் சுடுவது அவர்களுக்கு இன்றும் உயிருள்ள விளையாட்டு. அதைக் கற்க வருகிறவர் காதில் முதலில் விழும் சொல் ‘மசில்லோடர்’.

‘மசில்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். நாய், குதிரை போன்றவற்றின் நீண்ட மூஞ்சிக்கு அந்தப் பெயர். அப்புறம் அந்த மூஞ்சிக்குப் போடும் வாய்ப்பூட்டுக்கும், துப்பாக்கிக் குழலின் வாய்க்கும் அதுவே பெயரானது. மசில்லோடர் துப்பாக்கியில் தோட்டா போடப் பின்பக்கம் திறப்பு கிடையாது. மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும்.

நம் செய்தித்தாள்கள் இதை ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல் துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது, எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. உள்ளூர்ப் பட்டறையில் செய்த, தோட்டா போடும் துப்பாக்கியும் நாட்டுத் துப்பாக்கிதானே! ‘வாய்வழி நிரப்பும் துப்பாக்கி’ என்றால் பொருள் சரி, ஆனால் பேச்சில் யார் வாயிலும் வராது.

நல்ல சொல் ஈழத்தில் இருக்கிறது: இடியன் துவக்கு. வன்னியில் வேட்டைக்குப் போகிறவர்கள் ‘இடியன்’ என்றே சொல்வார்கள். (‘துவக்கு’ என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு ‘தொடங்கு’ என்று தோன்றும். துப்பாக்கி, துவக்கு இரண்டும் துருக்கியரின் ‘துஃபெக்’ வழி வந்தவை.) இடி என்றால் முழக்கம், சத்தத்தால் வந்த பெயர் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே துப்பாக்கியைச் சிங்களத்தில் ‘கொட்டன துவக்குவ’ என்கிறார்கள். ‘கொட்டன’ என்றால் உலக்கையால் இடிப்பதுபோல இடிப்பது. குழலில் மருந்தைப் போட்டு, தும்பு அடைத்து, கோலால் இடிப்பதால்தான் இடியன்.

‘லோட்’ என்பதற்கும் நம்மிடம் சொல் உண்டு: கெட்டித்தல். கோயில் திருவிழாவில் வேட்டுக்காரர் இரும்புக் குழாயில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இது.

புதிதாகப் பழகுகிறவர் கெட்டிக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அதனால் சின்ன அளவுக் குப்பியில் ஊற்றி, அதிலிருந்து குழலில் விடுவார்கள். அடுத்து, எண்ணெய் தடவிய துணித்துண்டைக் குழல்வாயில் விரித்து, அதன் மேல் ஈயக்குண்டை வைக்க வேண்டும். 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு போடுவது வழக்கம், மீதி இடைவெளியைத் துணி அடைத்துக்கொள்ளும். பிறகு கோலால் சீராக அழுத்தி, குண்டு மருந்தின் மேல் உட்காரும்வரை தள்ளுவார்கள். இந்த இடத்தில் மட்டும் பெயரை நம்பி ஓங்கி இடிக்காதீர்கள், மென்மையான ஈயம் நசுங்கிவிடும். அதே நேரம் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விடவும் கூடாது, குழல் பிளந்துவிடலாம். அனுபவசாலிகள் கோலில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கோடு குழல்வாய்க்கு நேராக வந்தால்தான் குண்டு சரியாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியில்தான் கேப்பு. தீபாவளிப் பொட்டு வெடியைப் போல அடிபட்டதும் பொறி தருவது அது. முன்னதாகவே அதைப் பொருத்தினால், முகம் குழலுக்கு மேல் இருக்கும்போதே வெடித்துவிடலாம்.

இனி ‘ரைஃபிள்’. குழலின் உள்ளே சுழன்று செல்லும் வரிப்பள்ளங்களால் வந்த பெயர் அது. குண்டைச் சுற்றிய துணி அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொள்வதால் குண்டு சுழன்றபடி நேராகப் போகிறது. தமிழில் ‘சுரிகுழல்’ என்கிறோம். சுரிதல் என்றால் சுழிதல். சங்குக்குச் ‘சுரிமுகம்’ என்று நிகண்டுகள் பெயர் தருவதும் அதனால்தான். ஆகவே ‘மசில்லோடிங் ரைஃபிள்’ என்பதைச் ‘சுரிகுழல் இடியன்’ என்று எழுதலாம். வரிப்பள்ளம் இல்லாத பழைய மஸ்கட் துப்பாக்கிக்கு ‘இடியன்’ மட்டும் போதும்.

‘கருமருந்து’ என்ற சொல்லை மாற்றவே வேண்டாம். வெடிக்கிற பொடியை மருந்து என்பது நம் வழக்கம் மட்டுமல்ல. சீனர்கள் ‘நெருப்பு மருந்து’ என்கிறார்கள், சிங்களத்தில் ‘வெடி பெஹெத்’, மலாயில் ‘உபாட் பெடில்’. எல்லாவற்றிலும் மருந்து இருக்கிறது. ஆனால் இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தையும் நாம் மருந்து என்றே சொல்வதால் ஓர் ஆபத்து உண்டு. அதை இடியனில் போட்டால் அழுத்தம் தாங்காமல் குழல் வெடித்துச் சிதறும். எழுதும்போது வெறுமனே ‘மருந்து’ என்று விடாமல், ‘கருமருந்து’ என்று முழுதாக எழுதுங்கள்.